பற்றரியில் வந்த ரூபவாகினி

ரூபவாகினி என்றதும் மட்டக்களப்புப் படுவான்கரையில் என் வயதுக்காரருக்குப் பற்றரிதான் நினைவுக்கு வரும். 1982 பெப்ரவரியில் ஜப்பான் உதவியோடு தொடங்கிய அந்த ஒளிபரப்பை, எங்கள் வீட்டுப் பக்கம் கரண்ட் வந்திராத காலத்தில், கரடியனாற்றில் இருந்து பார்ப்பதென்றால், இறங்கிப்போன கார் பற்றரியைச் சைக்கிள் கரியரில் வைத்து ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டி, அசிட் சிந்தாமல் பதுளை வீதியால் செங்கலடிவரை மிதித்து, சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் திரும்பவும் போய் எடுத்துவர வேண்டும்.

அந்தி சாய்ந்ததும் முற்றத்தில் பன்பாய் விரிந்துவிடும். அன்ரனாக் கமுகைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வெளியே நிற்பார், உள்ளேயிருந்து “இன்னும் கொஞ்சம் திருப்பு, ஆ, விடு விடு!” என்று பத்துக் குரல் ஒன்றாகக் கேட்கும். சிங்களம் பேசிய ஜப்பான்காரி ஒஷின் அழுதால், ஒரு சொல்லும் விளங்காத பெரியம்மாவும் சேர்ந்து அழுவா. பற்றரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கி, செய்தி வாசிப்பவரின் முகம் நடுவில் ஒடுங்கி அணையும்வரை ஒருவரும் எழும்பமாட்டார்கள். உங்கள் முற்றத்திலும் இப்படித்தானே?

பிறகு சண்டை வந்தது, பாதை மூடியது, பற்றரியே தடைப்பட்ட சாமானானது. 2002 போர்நிறுத்த ஒப்பந்தத்தோடு செங்கலடிக் கறுத்தப்பாலம் தாண்டிச் சாமான் வரத் தொடங்கி, ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட வேளையில், 2007இல் எல்லாரும் மறுபடி இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்த பின் கரண்ட் வந்தது, காப்பெற் வீதி வந்தது, 2009இல் ஐ.ரி.என். தமிழுக்கென்று ‘வசந்தம்’ தொடங்கியது. இன்று கூரைக்குக் கூரை டிஷ் இருக்கிறது, படம் கண்ணாடிபோல் விழுகிறது. ஆனால் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள். முற்றத்தில் பாய் விரிக்க ஆளில்லை. இந்த வசதியை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தைத்தான் தேடுகிறேன்.

குறை சொல்வதென்றால் வேறொன்று உண்டு: திரையில் எங்கள் ஊரைக் காண்பது அரிது. ஜெர்மனி ஒன்றான பின் கிழக்கின் பழைய தொலைக்காட்சியை 1991 டிசம்பர் 31இல் மூடினார்கள். மறுநாளே லைப்சிக்கிலும் பொட்ஸ்டாமிலும் அந்தந்தப் பகுதிக்கென்று பொது ஒளிபரப்பு நிலையங்கள் ஒளிபரப்பைத் தொடங்கின. இங்கே நாடு ஒன்றானதென்று சொன்ன பிறகும் ரூபவாகினியின் தமிழ் அலைவரிசை நேத்ராவும் வசந்தமும் கொழும்பிலிருந்துதான் பேசுகின்றன. வைகாசியில் எங்கள் கண்ணகி அம்மன் குளிர்த்தி நடப்பதும், களரியில் வடமோடிக் கூத்து விடியவிடிய ஆடுவதும், வயலுக்கு யானை இறங்குவதும் அங்கே எப்போதாவது ஒரு துணுக்காக வந்தால் உண்டு.

அரசாங்கத் தொலைக்காட்சி எங்கள் வரிப்பணத்திலும் நடக்கிறது. மட்டக்களப்பில் அதற்கொரு கலையகம் வேண்டும். அதில் எங்கள் பிள்ளைகள் எங்கள் பேச்சிலேயே செய்தி சொல்ல வேண்டும். கேட்கவேண்டியவர்கள் நாங்கள்தான், இப்போதே கேட்போம்.