வெறுங்கால், வெறுங்கை: மன்னா காக்காவின் மகாத்மியம்

பள்ளிவாசல்துறைக் கடற்கரையில் பின்னேரம் பந்து அடிக்க டீம் பிரிப்பதைக் கவனியுங்கள். ஒருவன் ரொனால்டோ, இன்னொருவன் மெஸ்ஸி, மூன்றாமவன் எம்பாப்பே. எல்லோரும் உலகப் புகழ் அடைந்த பிறகு மிஞ்சும் பொடியனைப் பார்த்து, "நீ பேக்குக்கு நில்லு" என்பார்கள். உதைபந்தாட்டத்தில் இதைவிடச் சுருக்கமான அவமானம் கிடையாது!

பேக்கின் விதி அப்படி. சகனில் புரியாணி ருசித்தால் பெயர் கல்யாண வீட்டாருக்கு. உப்புக் கூடினால்தான் சமையற்காரர் யாரென்று தேடுவார்கள். ஃபோர்வர்ட் பத்துத் தடவை கோட்டைவிட்டு ஒரு கோல் போட்டால் தோளில் தூக்குவார்கள். பேக் பத்துத் தடவை தடுத்து ஒன்றை விட்டால் ஒரு மாதம் தேத்தண்ணிக் கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

இந்த நன்றி கெட்ட உத்தியோகத்தில் தெற்காசியா பெற்றெடுத்த பெரிய மனிதர் ஒருவர் உண்டு. பெயர் சைலன் மன்னா. வங்காளிகள் மரியாதையாக 'மன்னா-தா' என்பார்கள். நம் பக்கத்துக் கணக்கில் மன்னா காக்கா. இவர் வரலாற்றில் நிற்பது நடந்த விஷயங்களால் அல்ல, நடக்காத விஷயங்களால். உள்ளே போகாத பெனால்டி, ஆடாத உலகக் கிண்ணம், வாங்காத சம்பளம். கோல் நடக்காமல் பார்ப்பதுதானே பேக்கின் வேலை? மனிதர் தொழில் தர்மத்தை வாழ்க்கை முழுக்கக் கடைப்பிடித்துவிட்டார்!

1924இல் கல்கத்தாவுக்கு அக்கரையான ஹவுராவில் பிறந்தார். 1942இல் மோகன் பகான் கிளப்பில் சேர்ந்தார். 1960இல்தான் வெளியே வந்தார். இடையில் கிளப் மாறவே இல்லை. இன்றைய நட்சத்திரம் ஒரு ஜெர்சியின் சின்னத்துக்கு முத்தம் கொடுத்து, அந்த ஈரம் காய்வதற்குள் அடுத்த கிளப்பில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். மன்னா காக்காவுக்கு அப்படிப்பட்ட சபலமே இல்லை. சபலப்பட சம்பளம் என்று ஒன்று இருக்க வேண்டுமே!

ஆமாம், கிளப்பிடம் அவர் சம்பளம் வாங்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உத்தியோகம். பகலில் பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று ஆராயும் இலாகா. பின்னேரத்தில் எதிரணி ஃபோர்வர்டைப் பூமிக்கடியில் அனுப்பும் வேலை என்று நினைப்பீர்கள். அங்கேயும் ஏமாற்றம்தான். முரட்டு ஆட்டமே தெரியாத மகா கண்ணியவான் என்றுதான் ஊரெல்லாம் பெயர்.

சரி, லண்டனுக்குப் போவோம். 1948 ஒலிம்பிக். சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகாத இந்தியா, ஜூலை 31ஆம் திகதி இல்ஃபோர்ட் மைதானத்தில் பிரான்ஸை எதிர்த்து இறங்குகிறது. பதினொரு பேரில் எட்டுப் பேரின் காலில் சப்பாத்து இல்லை! வெள்ளைக்காரச் சனம் வாயைப் பிளந்தது. இவர்களுக்கோ அது ஒரு விஷயமே இல்லை. 1911இலேயே மோகன் பகான் வெறுங்காலோடு பட்டாளத்து டீமான ஈஸ்ட் யோர்க்ஷயரை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைத் தூக்கிய பரம்பரை. அன்று ஒரேயொருவர் சப்பாத்துப் போட்டிருந்தார். அவரும் பேக்தான். பின்னால் நிற்பவனுக்குத்தானே உயிர்ப்பயம் தெரியும்!

இல்ஃபோர்டில் இந்தியாவுக்கு ஒன்றல்ல, இரண்டு பெனால்டி கிடைத்தது. சும்மா கிடைத்த சீதனம் மாதிரி. ஒன்றை அடித்தவர் மன்னா காக்கா. உள்ளே போகவில்லை. மற்றதை அடித்தவர் மகாவீர் பிரசாத். சகவாச தோஷம், அதுவும் போகவில்லை. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டு மானத்தைக் காப்பாற்றினார். ஆனாலும் கடைசி நிமிஷத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று முடித்துவிட்டது. எதிரியின் கோலை மட்டுமல்ல, சொந்த டீமின் கோலையும் தடுத்த பேக் என்ற பெருமை நம்மவருக்கு.

தோற்றவரை யாரும் தேடமாட்டார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆறாம் ஜோர்ஜ் மன்னர் தேடினார். அரண்மனைக்கு வந்த மன்னாவிடம் காற்சட்டையை உயர்த்தச் சொல்லி, காலுக்குள் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாராம். கதை உண்மையோ, கல்கத்தாவில் தயாரானதோ. ஒரு வருஷத்துக்கு முன்பு வரை முழு இந்தியாவையும் கையில் வைத்திருந்தவர், கடைசியில் ஒரு வங்காளியின் கெண்டைக்காலைத் தடவிப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார் என்ற திருப்திக்காகவே நம்பிவிடலாம்.

இனி, நடக்காதவற்றில் மிகப் பெரியது. 1950, பிரேசில், உலகக் கிண்ணம். ஆசியாவில் மற்ற நாடுகள் விலகிக்கொள்ள, இந்தியா ஒரு பந்தைக்கூட உதைக்காமல் தகுதி பெற்றுவிட்டது. சுவீடன், இத்தாலி, பராகுவே இருந்த குழுவில் இடம். பிரயாணச் செலவில் பெரும் பங்கை நாங்களே தருகிறோம் என்று பிரேசில்காரர் கெஞ்சினார்கள். தலைவராகப் போக வேண்டியவர் மன்னா காக்கா. இந்தியா போகவில்லை!

ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். "வெறுங்காலோடு ஆட ஃபிஃபா விடவில்லை." ஆகா, என்ன அழகான கதை! ஏழை நாடு, மண் தொட்ட பாதம், சப்பாத்து மாட்டிய வெள்ளைக்கார ஆணவம். ஃபேஸ்புக்கில் போட்டால் ஆயிரம் ஷெயார் நிச்சயம். ஒரேயொரு குறை, கதை பொய். வேண்டுமென்றால் சப்பாத்துப் போட்டு ஆடவும் நம்மவர்களுக்குத் தெரியும். இந்திய உதைபந்தாட்டச் சங்கம் சொன்ன காரணம் வேறு. டீம் தெரிவில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு நேரம் போதாது. தெரிவில் சண்டை வந்தால் போட்டிக்குப் போகக்கூடாது என்று சட்டம் வந்தால், நம் பிராந்தியத்திலிருந்து ஒரு டீமாவது விமானம் ஏறுமா?

உண்மையில் சங்கத்துப் பெரியவர்களுக்கு ஒலிம்பிக்தான் தெரியும். உலகக் கிண்ணம் என்பது ஏதோ தூரத்து நாட்டு டூர்னமென்ட். அதற்காகக் கப்பலில் வாரக்கணக்கில் போவதா? சப்பாத்துக் கதை சும்மா மூடி மறைக்கத்தான் என்று பல வருஷம் கழித்து மன்னாவே சொல்லிவிட்டார். எங்களுக்கும் அப்போது ஒலிம்பிக்தான் எல்லாம் என்று சேர்த்தும் சொன்னார். பின்வாங்கியது இந்தியா மட்டுமல்ல. பதினாறு நாடு ஆட வேண்டிய இடத்தில் பதின்மூன்றுதான் ஆடின. இல்ஃபோர்டில் வென்ற பிரான்ஸும் வீட்டில் இருந்துவிட்டது, காலில் சப்பாத்தோடு!

வெற்றியே இல்லையா என்று முகம் சுளிக்காதீர்கள். 1951 மார்ச், டில்லி, முதலாவது ஆசிய விளையாட்டு. தலைவர் மன்னா. இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, இறுதியாட்டத்தில் நேருவின் கண் முன்னால் ஈரானை 1-0. தங்கம்! மூன்று ஆட்டத்தில் ஒரு கோலும் உள்ளே விடவில்லை. ஆனால் அந்த இறுதியாட்டம் என்றதும் யார் பெயர் வரும்? கோல் போட்ட மேவாலாலின் பெயர்.

அடுத்த வருஷம் கொழும்புக்கே வந்தார். இலங்கை, பர்மா, இந்தியா, பாகிஸ்தான் ஆடிய நாற்கோணப் போட்டி. கிண்ணம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் சரிபாதி. ஐந்து வருஷத்துக்கு முன் நாட்டைப் பிரிக்க அத்தனை இரத்தம் சிந்தியவர்கள், கொழும்பில் ஒரு கிண்ணத்தைச் சத்தமில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். இடம் ராசி நம்முடையது. பிற்காலத்தில் நமக்கே அது உதவவில்லை என்பது வேறு கதை.

அதே 1952 ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக். குளிர் தேசம், எதிரே யூகோஸ்லாவியா. ஸெபெச் என்ற ஒருவர் மட்டும் நான்கு கோல். முடிவு 10-1. அந்த ஒன்றைப் போட்டவர் அகமது கான். பத்தையும் உள்ளே விட்டவர்கள் பட்டியலில் நம் தலைவர். ஊர் திரும்பியதும் சங்கம் விழித்துக்கொண்டு உத்தரவு போட்டது: இனி எல்லோரும் சப்பாத்துப் போட வேண்டும்! ஆக, வெறுங்காலைத் தடை செய்தது ஃபிஃபாவின் ஆணவம் இல்லை. பத்துக் கோல் வாங்கிய நம்முடைய வெட்கம்.

பிறகு பட்டங்கள் வந்தன. உலகின் பத்துச் சிறந்த தலைவர்களில் ஒருவர் என்று 1953இல் இங்கிலாந்துச் சங்கமே சேர்த்துக்கொண்டது என்பார்கள். 1971இல் பத்மஸ்ரீ. 2000இல் இந்தியச் சங்கம் ஒரே போடாகப் போட்டது: ஆயிரமாண்டின் சிறந்த வீரர்! இந்த ஆட்டத்துக்குச் சட்டம் எழுதியதே 1863இல்தான். அதற்கு முந்தைய எண்ணூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு யார் யாரைப் பரிசீலித்தார்களோ! ராஜராஜ சோழன் மிட்ஃபீல்டிலும் அக்பர் விங்கிலும் ஆடித் தோற்றிருக்க வேண்டும்.

2012இல் காலமாகும்வரை மன்னா காக்கா இதையெல்லாம் அமைதியாக ஏற்றுக்கொண்டார். இன்று ஆடியிருந்தால் வாசலில் ஒரு ஏஜென்ட் வந்து நின்று, வருமானத்தில் பத்து சதவீதம் கேட்டிருப்பார். மன்னா காக்காவும் தாராளமாகக் கையெழுத்துப் போட்டிருப்பார். பூச்சியத்தில் பத்து சதவீதம் எவ்வளவு என்று ஏஜென்டுக்குக் கணக்குத் தெரிய வரும்போது, மனிதர் அடுத்த ஆட்டத்துக்கு இறங்கியிருப்பார்.