மருமவனே, மொதல்ல நிப்பாட்டப் படி

ஏ மருமவனே, ரெண்டு பெட்ரூம் பிளாட் வாங்கிட்டே, சந்தோசம். அதுல ஒரு ரூம்ல ரயில் விடப் போறேன்னு சொல்லுதே. அதுவும் கையால தள்ளுத ரயிலு இல்ல. தானா கெளம்பி, தானா சுத்தி, தானா நிக்கிற ரயிலு. ரொம்பச் சந்தோசம். மழை வருதுன்னு கொடியில கெடக்க துணியை எடுக்கச் சொல்லி உன் வீட்டுக்காரி பத்துத் தரம் கத்தினாலும் எந்திரிக்காத ஆளு நீ. தானா ஓடுத வண்டி செய்ய உன்னைவிடப் பொருத்தமான ஆளு கெடைக்க மாட்டான்.

நீயா வந்து யோசனை கேட்டே, அதனால சொல்லுதேன். மீட்டர்கேஜ் காலத்துல இருந்து பாயிண்ட் லிவரை இழுத்துக் காச்சுப் போன கை இது. உன் வண்டி கையளவு, எங்க வண்டி தெருவளவு. முட்டிக்கிட்டா சத்தம்தான் கூடக்கொறைய இருக்கும். முட்டுன காரணம் ஒண்ணாத்தான் இருக்கும்.

மொதல்ல உன் ஆசையை அளப்போம். 24 பெட்டி எக்ஸ்பிரஸ் ஓடணும்னு சொன்னேல்லா? பெரம்பூர்ல செஞ்ச நீலப்பெட்டி ஒண்ணு 21 மீட்டர் சொச்சம். உலகத்துல ரொம்பப் பேரு வச்சிருக்க மாடல் எச்.ஓ. அளவு, அதாவது அசலுல 87ல ஒரு பங்கு. அந்தக் கணக்குல பெட்டிக்கு 24 சென்டிமீட்டருக்கு மேல வரும். 24 பெட்டியும் என்ஜினும் சேந்தா 6 மீட்டர். உன் ரூமு 10 அடிக்கு 10 அடி, மூணு மீட்டர். என்ஜின் அடுப்படிக்குள்ள ஊதிக்கிட்டு நிக்கையில, கார்டு உன் ரூம்ல இருந்து பச்சைக்கொடி காட்டுவாரு. நடுப்பெட்டி பூராவும் வாசப்படி மேல. உன் வீட்டுக்காரி தாண்டித் தாண்டிப் போயிட்டு வரட்டும், ஒடம்புக்கு நல்லது.

வளைவு அதைவிட வேடிக்கை. அந்த அளவுல சாதாரணமா வைக்கிற வளைவுக்கு ஆரம் 18 அங்குலம். வண்டி ஒரு தரம் திரும்ப 3 அடி வேணும். ஓரத்துல விழாம இருக்க விளிம்பு விட்டா 4 அடிப் பலகை. அதைச் செவத்தோட ஒட்டிப் போட்டேன்னு வையி, அந்தக் கடைசியில கவுந்த வண்டியை எடுக்க பலகை மேல குப்புறப் படுக்கணும். உன் வயித்தைப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன், வேண்டாம்டே.

‘என்’ கேஜுன்னு ஒண்ணு இருக்கு. 160ல ஒரு பங்கு, தண்டவாளத்துக்கு நடுவுல வெறும் 9 மில்லிமீட்டர். ஜப்பான்காரன் வீடு உன் பிளாட்டைவிட இறுக்கம், அதனால அங்க இதுதான் செல்லப்பிள்ளை. அவன் வண்டியை 150ல ஒண்ணா செய்யுதான், தண்டவாளம் அதே 9தான். காட்டோங்கிற கம்பெனி 1965லயே இந்தத் தண்டவாளத்துக்கு என்ஜின் செஞ்சு வித்துட்டான். இதுல 249 மில்லிமீட்டர் ஆரத்துல வளைவு ரெடியாக் கெடைக்குது, அரை மீட்டர்ல வண்டி திரும்பிரும். அமெரிக்காவுல பல பேரு உள்ளுக்குள்ள பொள்ளலான கதவை வாங்கி, அதையே பலகையாப் போட்டு ஊரு கட்டிருக்கான். நம்ம கடையில உள்ளுக்குள்ள பொள்ளலான பிளஷ் டோர்னு கேளு. ரெண்டரை அடி அகலம், எடையும் கொஞ்சம்தான். விருந்தாளி வந்தா கட்டிலுக்கு அடியில சொருகிரலாம். இதைவிடப் பொடிசா இசட் கேஜு இருக்கு, 220ல ஒண்ணு. ஜெர்மனியில மார்க்ளின் கம்பெனி 1972ல கொண்டாந்தது. அதுக்கு உன் கண்ணாடிக்கு மேல இன்னொரு கண்ணாடி போடணும்.

எவனாவது அளவுகோலைத் தூக்கிட்டு வந்து, நம்ம ஊரு பிராட்கேஜு 1676 மில்லிமீட்டராச்சே, உன் தண்டவாளம் கணக்குப்படி 1440தானே வருதும்பான். வாஸ்தவம்தான். அந்தத் தண்டவாளம் வெள்ளைக்காரன் நாட்டு 1435க்குச் செஞ்சது. அவனுக்கு ஒரு டீயைக் குடுத்து அனுப்பிரு.

மேம்பாலம் ஒண்ணு வேணும்னு ஆசைப்படுதே. ‘என்’ கேஜுல கீழ்வண்டி தலை தட்டாமப் போக மேல்பாதை ஏறக்கொறைய 5 சென்டிமீட்டர் ஏறணும். நூத்துக்கு ரெண்டுங்கிற சாய்வுல ஏறினா அதுக்கு ரெண்டரை மீட்டர் ஓடணும். எறங்க இன்னொரு ரெண்டரை. உன் கதவோட நீளமே ரெண்டு மீட்டர்தான். ஊட்டி ரயிலு 12 அடிக்கு ஒரு அடி ஏறலையான்னு கேப்பே. அது நடுவுல பல்சட்டம் போட்டு, என்ஜினுக்குப் பல்சக்கரம் மாட்டி ஏறுது. உனக்கு மலை வேணும்னா சாக்குத்துணியில பசையைத் தடவி செவத்தோரமா நிப்பாட்டி வையி. வண்டி தரையிலயே ஓடட்டும்.

இப்ப தானா ஓடுத கதைக்கு வருவோம். இங்கதான் உன்னை மாதிரி படிச்ச ஆளுக எல்லாரும் வழுக்கி விழுதாங்க. வண்டியை எப்படி ஓட்டுறதுன்னுதான் எல்லாரும் யோசிக்கான். ஓடுறதுல என்னடே இருக்கு? 12 வோல்ட் குடுத்தா கழுதை தன்னால ஓடும். எங்க நிக்கணும், எதைப் பாத்து நிக்கணும்னு சொல்லிக் குடுக்கிறதுலதான் உன் காசும் கண்ணும் போகும்.

எங்க காலத்து ஒத்தைத் தடத்துல ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு நேரத்துல ஒரு வண்டிதான். அதுக்கு ஒரு இரும்பு உருண்டை உண்டு, டோக்கன்னு பேரு. ரெண்டு ஸ்டேஷன் கருவியும் கம்பியால பேசிக்கிட்டாத்தான் ஒண்ணு வெளிய வரும். ஒண்ணு வெளிய கெடக்கையில இந்தப் பக்கத்துலயும் வராது, அந்தப் பக்கத்துலயும் வராது. அதைப் பையில போட்டு, பிரம்பு வளையத்துல கட்டி டிரைவர் கையில குடுப்போம். அது கையில இல்லாம எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டாரு. அதுல கம்ப்யூட்டர் கெடையாது, புரோகிராம் கெடையாது. நீ இப்ப லேப்டாப்பை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறது அந்த உருண்டையைத் திரும்பச் செய்யத்தான்.

உன் வட்டப்பாதையைத் துண்டு துண்டாப் பிரி. துண்டுக்குத் துண்டு கரண்டு தொடாம பிளாஸ்டிக் இணைப்பு போடு. எந்தத் துண்டுல வண்டி நின்னு கரண்டு குடிக்குதோ, அதை ஒரு சின்னச் சில்லு கண்டுபிடிச்சுச் சொல்லும். கதவு மேல சுத்துப்பாதை 4 மீட்டர் சொச்சம் வரும். மூணு துண்டு போட்டா ஒண்ணு ஒண்ணரை மீட்டர்கூடத் தேறாது. அதுக்குள்ள வண்டி முழுசா அடங்கணும், வேகம் கொறைய எடம் வேணும், நிக்க எடம் வேணும். ஆக என்ஜினும் அஞ்சாறு பெட்டியும். உன் 24 பெட்டி எங்க போச்சுன்னு கேக்காதே.

மூணு துண்டுல எத்தனை வண்டி ஓடும்? ரெண்டு. மூணுன்னு சொன்னியோ, மூணும் முன்னால உள்ளவன் நகரட்டும்னு விடிய விடிய நிக்கும். பந்தியில எல்லாரும் உக்காந்துட்டு, எலை போட்டவன் நடக்க எடம் விடாத கல்யாணம் மாதிரி. கம்ப்யூட்டர் மேல தப்பு கெடையாது. அது சட்டத்தை மதிச்சு நிக்குது. நாலு துண்டுக்கு மூணு வண்டி, அஞ்சுக்கு நாலு. எப்பவும் ஒண்ணு காலி. ஒத்தைத் தடமும் ஒதுங்கி நிக்க லூப்பும் போட்டு எதிரும் புதிருமா விட்டா இன்னும் சூதானமா இருக்கணும். லூப்புலயும் மெயின்லயும் வண்டியை நிறுத்திட்டு வெளிய இருந்து மூணாவதை வரச் சொன்னா தேர் தெருவுல நின்ன கதைதான். புது வண்டி வாங்கக் கை துடிக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கை நெனை. உன் வீட்டுக்காரி நெனைக்க வைப்பா, அது வேற விசயம்.

இன்னொரு சூட்சுமம் சொல்லுதேன். கரண்டு குடிக்கிறது என்ஜின்தான். வெறும் பெட்டி குடிக்காது. கொக்கி கழண்டு நடுவழியில ஒரு பெட்டி நின்னுட்டா உன் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. தடம் காலின்னு அடிச்சுச் சொல்லி அடுத்த வண்டியை அது மேல ஏத்தும். நாங்க வண்டி வந்தா மொதல்ல கடைசிப் பெட்டியில ‘கடைசி வண்டி’ன்னு சொல்லுத எல்.வி. போர்டு தொங்குதான்னுதான் பாப்போம். அது வந்தாத்தான் வண்டி முழுசா வந்த கணக்கு. நீ கடைசிப் பெட்டி அச்சுல எள்ளு மாதிரி ஒரு ரெசிஸ்டரை ஒட்டு. அதுவும் கொஞ்சம் கரண்டு குடிக்கும், வாலும் கண்ணுக்குத் தெரியும்.

கரண்டைப் பாக்காம இன்ஃப்ராரெட் சென்சாரு வைக்கப் போறேன்னா, ஜன்னலுக்குத் திரை போட்டுட்டு வையி. வெயிலு பட்டா அது கண்டதையும் வண்டிங்கும். பல்லி வந்து உக்காந்தாலும் அதுக்கு ஒரு வண்டிதான்.

வண்டியைத் தடம் மாத்தி விடுத பாயிண்டைத் திருப்ப இப்ப கட்டைவிரல் அளவுல சர்வோ மோட்டாரு வந்திருக்கு. நல்ல பிள்ளை, வம்பு பண்ணாது. ஆனா திரும்புன்னு நீ சொன்னா போதுமாடே, திரும்பிச்சான்னு யாரு பாக்கது? ஜல்லித்தூளு ஒண்ணு இடுக்குல மாட்டினா அதோட நகருத டங் ரயில் பாதியில நிக்கும், வண்டி படுத்துரும். பாயிண்ட் கடைசி வரை ஒட்டுனாத்தான் அமுங்குற மாதிரி ஒரு மைக்ரோ சுவிட்சு வச்சு, அது சொன்ன பெறவு சிக்னலைக் கீழ எறக்கு.

அப்புறம் இந்த டிசிசி. பழைய முறையில தண்டவாளத்துல வோல்டைக் கூட்டினா வேகம் கூடும். ஒரே தடத்துல ரெண்டு என்ஜின் நின்னா ரெண்டும் சேந்தே ஓடும். டிசிசியில தடத்துல எப்பவும் கரண்டு இருக்கும், அது கூடவே சேதியும் ஓடும். மூணாம் நம்பரு மெதுவாப் போ, ஏழாம் நம்பரு வெளக்கைப் போடுன்னு. என்ஜின் வயித்துக்குள்ள இருக்க சில்லு தன் நம்பரைக் கூப்பிட்டா மட்டும் அசையும். ஜெர்மனியில லென்ஸ் கம்பெனி செஞ்ச வேலையை அடிப்படையா வச்சு, என்.எம்.ஆர்.ஏ.ங்கிற அமெரிக்கச் சங்கம் 1990களில் இதைப் பொது விதியா ஆக்குச்சு. கம்ப்யூட்டர்ல இருந்து ஓட்ட ஜே.எம்.ஆர்.ஐ.ன்னு இலவசமாவே ஒண்ணு கெடைக்குது. இலவசம்னதும் கண்ணு விரியுது பாரு! என்ஜினுக்கு ஒரு சில்லு வாங்கணும்ல, அது இலவசம் இல்ல.

போன வழியே திரும்பி வர்ற மாதிரி வளைச்சு விட்டுராதே. இடது தண்டவாளம் சுத்தி வந்து வலது தண்டவாளத்தோட சேரும், பட்டுனு ஷார்ட்டாகும். அதுக்குன்னு தானா மாத்துத கருவி இருக்கு. மொத வருசம் அது உனக்கு எதுக்கு? கரண்டு போயிட்டு வந்தாலும் ஒரு வெனை உண்டு. துண்டுல வண்டி இருக்குன்னு சாதாரணச் சில்லு சொல்லும், எந்த வண்டின்னு அதுக்குத் தெரியாது. நீ பாட்டுக்கு ராத்திரி எடம் மாத்தி வச்சிட்டுப் படுத்தேன்னா, காலையில இந்தத் துண்டுல நிக்கிறதுன்னு நெனைச்சுக் கூப்பிட்டா வேற துண்டுல நிக்கிறது கெளம்பும்.

எல்லாத்துக்கும் மேல தூசி. உங்க வீட்டுல வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஞாயித்துக்கிழமை வறுவல். அந்தப் புகையும் எண்ணெயும் தண்டவாளத்துல படிஞ்சா என்ஜின் விக்கி விக்கி நிக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில தொட்டுத் தொடைக்கணும். குடிக்கிறது இல்ல, பேரைக் கேட்டு மயங்காதே. மூணு அடிக்கு ஒரு எடத்துல கீழ இருந்து கரண்டு ஒயரு ஏத்து. ரெண்டு தண்டவாளத்தைச் சேக்குத தகட்டை நம்பி இருந்தா மூலையில வண்டி சோந்து போகும்.

போன்ல காட்டுனியே, ஹாம்பர்க்ல அண்ணன் தம்பி இரட்டையரு 2001ல தொறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டு, ஆயிரத்துக்கு மேல வண்டி, எல்லாம் கம்ப்யூட்டரு ஓட்டுதுன்னு. நல்லாப் பாத்தியா? திரைகளுக்கு முன்னால ஆளு வரிசையா உக்காந்து கண்ணு வைக்கான், வண்டி கவுந்தா ஓடிப் போய்த் தூக்குதான். தானா ஓடுறதைப் பாத்துக்கிடவே அத்தனை சம்பளம். புனேயில ஜோஷி குடும்பம் ஒண்ணு 1998ல இருந்து சின்ன ரயிலுக்குன்னே மியூசியம் நடத்துது. டிக்கெட் எடுத்து ஒரு தரம் பாத்துட்டு வா, ஆசையில பாதி அங்கயே தீந்துரும், மிச்சப் பாதிக்கு உன் கதவு போதும்.

கதவும் வைக்க விடமாட்டேன்னு உன் வீட்டுக்காரி சொல்லிட்டா மனசொடியாதே. இங்கிலாந்துல ஆலன் ரைட்டுன்னு ஒருத்தரு நாலடிக்கு ஒரு அடிப் பலகையில அடங்குற ஷண்டிங் ஆட்டம் ஒண்ணு கண்டுபிடிச்சாரு, இங்கிள்நூக்னு பேரு. மூணு தடம், ஒண்ணுல அஞ்சு வேகனுக்கு எடம், மத்த ரெண்டுலயும் மும்மூணு வேகனுக்கு எடம். என்ஜின் பக்கத்து நுனியில என்ஜினும் மூணு வேகனும் நிக்க மட்டும் எடம். ஆனா ஆட்டத்துல இருக்கது மொத்தம் எட்டு வேகன்தான். சீட்டுக் குலுக்கி வந்த வரிசைப்படி அஞ்சைக் கோத்து நிறுத்தணும். 6,720 வரிசை வரும். ஷண்டிங்ல தலை நரைச்ச ஆளுங்களையும் முழிக்க வச்சிரும். சீட்டுக் குலுக்குறதைக் கம்ப்யூட்டருட்ட குடு, காந்தம் வச்சுக் கொக்கியைக் கழட்டவும் அதுகிட்ட குடு, மூளையை மட்டும் நீ வச்சுக்கோ. தானியங்கியும் ஆச்சு, உனக்கும் வேலை ஆச்சு. நான் உன் எடத்துல இருந்தா இதைத்தான் செய்வேன்.

நீ கேக்க மாட்டே, கதவுதான்னு நிப்பே. சரி, ஒரு என்ஜின் வாங்கு, நாலு பெட்டி வாங்கு, வட்டம் போடு. ஒரே ஒரு சென்சாரு, ஆர்டுயினோங்கிற குட்டிக் கம்ப்யூட்டரு ஒரே ஒண்ணு, ஒரே ஒரு பிளாட்பாரம். பாயிண்டு, லூப்பு, ரெண்டாவது வண்டி எல்லாம் அதுக்குப் பெறவு. அஞ்சு சுத்து ஓடவிட்டு, அஞ்சு தரமும் அதே பிளாட்பாரத்துல அதே எடத்துல நின்னுச்சுன்னா எனக்குப் போனு போடு. நிக்கலைன்னா எலக்ட்ரீசியனுக்குப் போடு.