கேள்விக்காரண்ணன்

திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் நாலு பேரைப் பார்த்துவிடலாம். டேப் இல்லாமலே அளவு சொல்லும் கட்டிங் மாஸ்டர், சனிக்கிழமை மட்டும் போனை எடுக்காத கான்ட்ராக்டர், ஊருக்குப் போய்த் திரும்பாதவனின் டிபன் பாக்ஸைத் தன்னதாக்கிக்கொண்ட கைமடிப் பையன், அப்புறம் கேள்விக்காரண்ணன். முதல் மூவரைப் பற்றி டீக்கடையில் தினமும் பேச்சு நடக்கிறது. நாலாமவர் அந்த டீக்கடையிலேயே உட்கார்ந்திருப்பதால் அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்கள் கம்பெனி கேள்விக்காரண்ணன் பேட்லாக் டெய்லர். இந்த இனத்தார் பெரும்பாலும் பேட்லாக்கில்தான் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. ஓவர்லாக்காரருக்குத் தலை நிமிர நேரமில்லை. பேட்லாக்காரர் ஓரம் மடித்து அடிப்பவர். கை ஓடிக்கொண்டிருக்கும்போதே மனசு கோடம்பாக்கம் வரை போய்த் திரும்பிவிடும். (ஓவர்லாக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை.)

அண்ணன் சினிமா ரசிகர். ரசிகர் என்றதும் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் பால் விலை தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை படம் பார்ப்பார், திங்கட்கிழமை கேள்வியோடு வருவார். நடிகர்களை நேரில் பார்த்தால் கேட்க வேண்டியவை எல்லாம் பண்டல் சீட்டின் பின்பக்கம் பென்சிலில் எழுதப்பட்டு, மிஷின் டிராயரில் ஊசிப் பாக்கெட்டுக்குக் கீழே இருக்கின்றன. ஒரு காலத்தில் இப்படிப்பட்டவர்கள் குமுதத்தின் அரசு பதில்களுக்குக் கார்டு போடுவார்கள். எந்த நடிகைக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டுப் பெயரை அச்சில் பார்த்துக்கொள்வார்கள். அண்ணன் ஒரு கார்டும் போட்டதில்லை. “நடிகர்கிட்டக் கேக்க வேண்டியதப் பத்திரிகைக்காரர்கிட்டக் கேட்டா என்னங்ணா அர்த்தம்? ஓனர்கிட்டக் கேக்கறத வாட்ச்மேன்கிட்டக் கேட்ட மாதிரி.”

அடுத்த படம் என்ன, பிடித்த சாப்பாடு எது, அரசியலுக்கு வருவீர்களா என்று பேட்டிகளில் கேட்பதெல்லாம் இவர் கணக்கில் கேள்வியே அல்ல. இவருடைய முதல் கேள்வி ஷிப்ட் பற்றியது. எங்கள் ஊரில் காலை 8.30க்கு உட்கார்ந்து மாலை 5.30க்கு எழுந்தால் ஒரு ஷிப்ட், இரவு 8.30 வரை ஓட்டினால் ஒன்றரை. “ஏனுங் சார், ராத்திரி மழையில சண்டை போடற சீன் எடுக்கறாங்கல்ல, அது உங்களுக்கு ஒன்றரை ஷிப்டுங்களா, ரெண்டுங்களா? நடுவுல டீ உண்டுங்களா? வடை யாரு கணக்கு?” மழையில் நனைந்த சட்டையைக் கம்பெனியே துவைத்துத் தருமா என்ற துணைக்கேள்வியும் உண்டு.

இரண்டாவது, டெபிட் நோட். சரக்கு கப்பலேறிப் போன பிறகு ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ பையர் ஒரு குறை கண்டுபிடித்து டெபிட் நோட் அனுப்பினால், அது ஓனரைத் தொட்டு, கான்ட்ராக்டரைத் தொட்டு, படியிறங்கிக் கடைசியில் டெய்லர் மடியில் வந்து விழும். “படம் ஊத்திக்கிச்சுன்னா உங்களுக்குச் சம்பளத்துல புடிப்பாங்களா சார்?” இதை ரஜினியிடம் மட்டும் கேட்க மாட்டாராம். 2002-இல் ‘பாபா’ ஓடாதபோது விநியோகஸ்தர்களுக்கு ரஜினி தானே பணத்தைத் திருப்பித் தந்தது அண்ணனுக்கு மனப்பாடம். 2014-இல் வெளிவந்த ‘லிங்கா’வுக்குப் பஞ்சாயத்து வந்தபோது நஷ்டக் கணக்குப் பார்க்க நடுவில் நின்றவர் திருப்பூர் சுப்பிரமணியம் என்பதில் அவருக்கு ஊர்ப் பெருமை வேறு. “கணக்குப் பாக்கறதுன்னா எங்கெங்கியோ சுத்தீட்டு நம்மூருக்குத்தானுங்ணா வரணும்.” கம்பெனிக் கணக்கு எழுதுகிற நான் இந்த இடத்தில் ஒன்றும் சொல்வதில்லை.

மூன்றாவது கேள்விதான் ஆதாரமானது. அதைக் கேட்கும்போது மிஷினை நிறுத்திவிடுவார்.

கதாநாயகன் சட்டையைக் கழற்றுகிறான். உள்ளே ஏன் பனியன் இல்லை?

கை இல்லாத ஆர்.என்., கை வைத்த ஆர்.என்.எஸ். என்று டஜன் டஜனாக நாடு முழுக்க அனுப்புகிற ஊர் இது. அந்தச் சரக்கெல்லாம் யார் உடம்புக்குப் போகிறது? திரையில் வில்லனுக்கும் அடியாளுக்கும், காய்கறி நறுக்கும் மாப்பிள்ளைக்கும், போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைக்கப்பட்ட திருடனுக்கும். நாயகனுக்குக் கிடையாது. அதிலும் 2008-இல் ‘வாரணம் ஆயிரம்’ வந்தபோது அண்ணன் அடைந்த வேதனை பெரிது. சூர்யா யார்? சூலூர்ப் பக்கம் காசிகவுண்டன்புதூர் சிவகுமார் மகன். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். “வெளியூர்க்காரர் கழட்டுனாப் பரவால்லீங்ணா. நம்ம பக்கத்துப் பையன், வயித்துல ஆறு கட்டு வெச்சுக்கிட்டு வெறும் ஒடம்போட நின்னா, ஊரு பொழப்பு என்னாகறது?”

அவரைத் தேற்றுவதற்காக ஒருநாள் நான் கிளார்க் கேபிள் கதையைச் சொன்னேன். ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ என்ற 1934-ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தில் அவர் சட்டையைக் கழற்றினார். உள்ளே வெறும் மார்பு. அதைப் பார்த்து அமெரிக்காவில் பனியன் விற்பனையே படுத்துவிட்டது என்று இன்றுவரை சொல்கிறார்கள். கணக்குக் காட்டியவர்தான் எவருமில்லை. பேசிக்கொண்டே கழற்றுகிற காட்சியில் பனியன் இடைஞ்சலாக இருந்ததால் விட்டுவிட்டார் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அண்ணன் நெடுநேரம் யோசித்தார். “கழுத்து எறக்கம் பத்தாம இருந்திருக்குமுங்க. அரை இஞ்ச் எறக்கி வெட்டியிருந்தா லேசாக் கழண்டிருக்கும். கட்டிங் மாஸ்டர் தப்புக்கு நடிகரச் சொல்றாங்க.” தொண்ணூறு வருஷமாக உலகம் பேசும் விஷயத்தில் இந்தக் கோணத்தை வேறு யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

மார்லன் பிராண்டோ கதை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’, 1951. உடம்பை ஒட்டிய டீ ஷர்ட்டோடு பிராண்டோ வந்து நிற்க, உள்ளே போடும் துணி வெளியே போடும் துணி ஆயிற்று. அப்போது கடைகளில் அப்படி ஒட்டுகிற டீ ஷர்ட் கிடையாது. உடையமைத்த லூசிண்டா பல்லார்ட் அதைத் திரும்பத் திரும்பத் துவைக்க வைத்துச் சுருக்கி, முதுகுப்பக்கம் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். கேட்டதும் அண்ணன் எழுந்தே விட்டார். “அது ஆல்டர் பீஸுங்ணா! லோகமே பாத்தது ஆல்டர் பீஸா! நாங்க ஆல்டர் குடுத்தா மட்டும் சூப்பர்வைசர் மூஞ்சியில வீசறாரு.” அன்றைக்கே சீட்டு எடுத்து, ‘பிராண்டோ சார்: ஒரே வாஷ்ல சுருங்குச்சா, மூணு வாஷா?’ என்று எழுதிக்கொண்டார். பிராண்டோ 2004-லேயே போய்விட்டார் என்று நான் சொல்லவில்லை.

சல்மான் கானுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 1998-இல் ஒரு பாட்டு முழுக்கச் சட்டையில்லாமல் ஆடி நாட்டையே மயக்கியவர், பிற்பாடு டிக்ஸி ஸ்காட் பனியன் விளம்பரத்தில் நின்றார். “போடாம ஆடி ஒரு சம்பளம், போட்டுக் காட்டி ஒரு சம்பளம். பீஸ் ரேட்டு ரெண்டுக்கும் ஒண்ணுங்களா சார்?” இதை இந்தியில் எழுதிக் கொடுத்தது பக்கத்து மிஷின் பீகார்ப் பையன். அவனும் வளரும் கேள்விக்காரன்தான். போஜ்புரிப் பாடகர்-நடிகர் பவன் சிங்கிடம் கேட்க அவனிடம் பதினோரு கேள்விகள் உண்டு. அதில் பத்து, பாட்டைப் பற்றியவை. பதினோராவது, சத் பூஜைக்கு ஊர் போக அவருக்காவது ரிசர்வேஷன் கிடைக்கிறதா என்பது.

கவுண்டமணியிடம் கேட்க வேண்டியதை மட்டும் அண்ணன் உறவுமுறையில் வைத்திருக்கிறார். கவுண்டமணி பிறந்த வல்லக்குண்டாபுரம் உடுமலைப்பேட்டைப் பக்கம். 2009-இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து சட்டப்படியே நம்ம ஆள். ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சியை ஊரே சிரித்துப் பார்க்கும். அண்ணன் வருத்தத்தோடு பார்ப்பார். அவரைப் பொறுத்தவரை அது ஷார்ட்டேஜ் கேஸ். ரெண்டு பீஸுக்குக் காசு போயிருக்கிறது, ஒரு பீஸ்தான் வந்திருக்கிறது, கொண்டுவந்த ஆள் வந்ததையே காட்டிக் கணக்கு நேர் என்கிறான். “ஏனுங் மாமா, கடைக்கு அனுப்பறப்பவே செந்தில்கிட்ட ஒரு டெலிவரி சலான் குடுத்து விட்டிருந்தீங்கன்னா, இத்தன அடி அடிக்க வேண்டியதில்லீங்ளே?”

இவ்வளவையும் கேட்க வாய்ப்பு வேண்டாமா? 2017-இல் மே, டிசம்பர் என இரண்டு சுற்றாக ராகவேந்திரா மண்டபத்தில் ரஜினி ரசிகர்களோடு படம் எடுத்துக்கொண்டபோது, போய்வந்த ஒருவரைப் பிடித்து அண்ணன் விசாரித்தார். வரிசை, மேடை, பக்கத்தில் நின்று ஒரு படம், அடுத்த ஆள். “அது செக்கிங் டேபிளுங்ணா. பீஸு வருது, பாக்கறாங்க, தள்ளறாங்க. பீஸு வாயத் தொறந்து பேசுனா லைன் நின்னு போயிரும்.”

கடைசியில் வாய்ப்பு இங்கேயே வந்தது. அவினாசி ரோட்டில் ஒரு கடைத் திறப்புக்கு நடிகர் ஒருவர் வந்தார். (பெயர் வேண்டாம், நல்ல மனிதர்.) அண்ணன் அரை நாள் லீவு போட்டு, சீட்டுக்கட்டை ரப்பர் பேண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனார், துணைக்கு நானும். நடிகர் மைக்கைப் பிடித்து, “எல்லாரும் சாப்டீங்களா?” என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அண்ணன் என் காதில், “மணி பதினொண்ணு. டீ குடிச்சீங்களான்னு கேட்டிருந்தா ஊரு தெரிஞ்ச ஆளுன்னு ஒத்துக்கலாம்” என்றார்.

கூட்டம் தள்ளிய தள்ளலில் அவர் கம்பிக்கு முன்னால் போய்விட்டார். எல்லோரும் செல்போனை நீட்ட, இவர் மட்டும் பைக்குள் கை விட்டு ரப்பர் பேண்டோடு போராடிக்கொண்டிருந்தார். பவுன்சர்கள் அந்தப் பையையே பார்க்க, நடிகர் சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தொட்டார்.

“அண்ணா, என்ன வேலை பாக்கறீங்க?”

“பேட்லாக்குங்க.”

“அப்படின்னா?”

கேள்விக்காரண்ணனை இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. நடிகரின் டீ ஷர்ட்டின் கீழ் ஓரத்தை விரலால் பிடித்துத் திருப்பிக் காட்டி, “இந்தா பாருங் சார், இதுதான். வெளிய ரெண்டு லைன் நேரா ஓடுதா? அடியில லூப்பர் நூலு. துணிய இப்படி மடிச்சு...” என்று ஆரம்பித்தார். நடிகரும் உண்மையாகவே குனிந்து பார்த்தார். அதற்குள் டீ ஷர்ட்டைப் பிடித்து இழுக்கிறான் என்று எண்ணிய பவுன்சர் அண்ணனைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை புதுச் சீட்டு ஒன்று டிராயரில் சேர்ந்தது. ‘மடிச்சு அடிக்கறது வரைக்கும் சொன்னேன். மீதி எப்பக் கேப்பீங்க சார்? பி.கு.: கீழ் ஓரத்துல ஒரு நூலு தொங்குது. ட்ரிம் பண்ணிக்கங்க.’