கடல் பாத்த ரூமு

வா மருமவனே, உக்காரு. அந்த ஓரத்துல கோழி எச்சம் கெடக்கு, இங்கன தள்ளி உக்காரு. பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, கன்னியாகுமரிக்குப் போறியாமே. போ, தாராளமாப் போ. செல்லுல ரூமும் பாத்தாச்சுன்னு உங்க அத்தை சொன்னா. எங்க, காட்டு பாப்போம். இரு, கண்ணாடியை எடுத்துட்டு வாரேன்.

ம்... இதேதான். இதே லாட்ஜு, இதே கட்டிலு, இதே அன்னப்பறவை. துண்டைச் சுருட்டி மெத்தை மேல அன்னம் மாதிரி வச்சிருக்கான் பாரு, அதுக்காகத்தான் போன வருசம் உங்க அத்தை ஒத்தைக்கால்ல நின்னா. நேர்ல போய்ப் பாத்தா அன்னம் பறந்து போச்சு. துண்டையும் கொத்திட்டுப் போயிருச்சு. யாரு சொன்னா உனக்கு இந்த லாட்ஜை? உன் மாமனாரா? சரி, சரி. நல்ல மனுசன். அதைப் பொறவு பேசுவோம்.

இந்தப் படத்தை எடுத்தவன் கெட்டிக்காரன்டே. கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல மாட்டுவண்டியே திரும்பும் போலத் தெரியுது. நெசத்துல அங்கன பக்கவாட்டுலதான் நடக்கணும், நண்டு மாதிரி. கடக்கரை ஊருல்லா, நண்டு நடை நடக்கிறதுதான் மரியாதைன்னு நானும் நடந்துக்கிட்டேன்.

நாங்க போய் எறங்கினது மத்தியானம் மூணு மணி. வைகாசி வெயிலு. சங்கரன்கோவில்ல ஏறி, திருநெல்வேலியில மாறி, நாகர்கோவில்ல ஒரு டீயைக் குடிச்சுட்டுப் போனோம். லாட்ஜு மேசையில ஒரு தம்பி. பணத்தை வாங்கும்போது ‘வாங்கய்யா’ன்னான். ஆதார் ஜெராக்ஸ் வாங்கும்போது ‘தாத்தா’ன்னான். சாவியைக் குடுக்கும்போது ‘பெருசு, மூணாவது மாடி’ன்னான். பத்து நிமிசத்துல எனக்கு இருவது வயசு ஏறிப்போச்சு. சாவியில ஒரு மரக்கட்டை தொங்குச்சு பாரு, நம்ம காளைக்குக் கட்டியிருந்தா அது சென்மத்துக்கும் பயிர்ல வாய் வச்சிருக்காது.

அவன் தலைக்குப் பின்னால பெருசா ‘24 மணி நேரம்’னு எழுதியிருந்துச்சு. ஆகா, இன்னைக்கு மூணு மணிக்கு வந்தோம், நாளைக்கு மூணு மணிக்குக் காலி பண்ணலாம்னு நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். மறுநாள் ஒம்போது மணிக்கே கதவைத் தட்டுதான். எழுதிப் போட்டிருக்கேப்பான்னா, ‘அது லாட்ஜு தொறந்திருக்கிற நேரம், பெருசு’ங்கான். தமிழ் படிச்ச பய. சொல்லுக்குப் பொருள் ஒன்னா ரெண்டா?

வாடகை 1,400 ரூபா. அதுக்கு 12 சதவீதம் வரி, 168. ஆக 1,568. முன்னெல்லாம் ஆயிரத்துக்குக் கீழ உள்ள ரூமுக்கு வரி கெடையாது. 2022 ஜூலையில அதுக்கும் போட்டாவ. நீ யோகக்காரன், 2025 செப்டம்பர்ல அதை அஞ்சு சதவீதமாக் கொறைச்சுட்டாவ. உனக்கு 70 ரூபாதான் வரும். மிச்சம் 98 ரூபாய்க்கு என்ன வாங்கணும்னு கடைசியில சொல்லுதேன்.

நான் தாலுகா ஆபீசுல பியூனா இருந்தப்போ ஒரு வக்கீலு வருவாரு. அவரு சொல்லித்தான் தெரியும், சராய் சட்டம்னு 1867லயே வெள்ளைக்காரன் ஒன்னு போட்டிருக்கான். சத்திரம் நடத்துதவன் ரூமு, தாழ்வாரம், சாக்கடை எல்லாத்தையும் சுத்தமா வச்சிருக்கணும். காவலுக்கு ஆளு போடணும். வாடகைப் பட்டியலை எல்லாருக்கும் தெரியுத மாதிரி மாட்டணும். திருடன் ஏறி எறங்க வாகா ஒரு மரக்கிளை இருந்தாக்கூட வெட்டிரணும். நான் அந்த லாட்ஜைச் சுத்திப் பாத்தேன், ஒரு கிளை இல்ல. ஏறி வார சோலியே இல்லியே, கீழயே நாக்காலி போட்டு உக்காந்திருக்கான்.

லிப்டு இருக்கு. இல்லைன்னு சொல்லக்கூடாது. கதவுல ‘பழுது’ன்னு அட்டை தொங்குது, அந்த அட்டைக்கே வயசு ஆயிருச்சு. அத்தையோட முழங்காலைப் பிடிச்சுத் தூக்கி வைக்காத கொறையா மூணு மாடி ஏறினோம். ரூம் நம்பர் 304. நேரா சன்னலுக்குப் போய்த் திரையை விலக்குனா, எதுத்த லாட்ஜு ஏசிப் பெட்டி எங்க மூஞ்சியில உஷ்ணக் காத்தை ஊதுது. ‘தம்பி, கடல் பாத்த ரூமுன்னு போட்டிருக்கே’ன்னேன். ‘ஆமா தாத்தா, கடலைப் பாத்துதான் இருக்கு. நடுவுல அந்த லாட்ஜு இருக்கு, அவ்வளவுதான்’ங்கான். அவன் சொல்லுததுலயும் ஞாயம் இருக்கு. நம்ம வீட்டு வாசல் வடக்கு பாத்தது. அப்போ நானும் நாளைக்கே ‘இமயமலை பாத்த வீடு’ன்னு போர்டு எழுதி மாட்டலாம்.

ஆனா பொய் சொல்லக்கூடாது, கடல் தெரிஞ்சுது. குளியலறையில வாளியைக் கவுத்திப் போட்டு, அது மேல ஏறி, மேல இருக்க சின்னத் துவாரம் வழியா, ரெண்டு தண்ணித் தொட்டிக்கு நடுவுல பாத்தா, வேட்டிக் கரை அகலத்துக்கு நீலமா ஒரு கோடு. அது கடலா, எவனாவது காயப்போட்ட தார்ப்பாயான்னு எனக்கு இன்னமும் சந்தேகம்தான். உங்க அத்தை கடல்னே சொல்லுதா. குடுத்த காசு அவ கண்ணை மறைக்கு.

தண்ணி விசயத்துக்கு வாரேன். கடலோரத்துப் போர்த் தண்ணி, உப்புக் கரிக்கும். சோப்பு நுரைக்காது. நீ பாட்டுக்குத் தேச்சுக்கிட்டே இருந்தா சோப்பு கரையும், அழுக்கு அப்படியே இருக்கும். உப்புக்காத்துல கொழா, கொண்டி, தாப்பா எல்லாம் துருப்பிடிச்சு, பைப்பைத் தொறந்தா மொதல்ல நாட்டுமருந்துக் கசாயம் மாதிரி ஒன்னு வரும். பொறவுதான் தண்ணி. இதை நான் அவன் குத்தம்னு சொல்ல மாட்டேன், கடக்கரையில எவன் கட்டினாலும் இரும்பு அரிக்கத்தான் செய்யும். வருசா வருசம் மாத்தணும், வெள்ளையடிக்கணும். அவன் அதுக்குப் பதிலா படத்தை மட்டும் புதுசா எடுத்துப் போட்டுட்டான். செலவு கம்மி பாரு.

ராத்திரி கதை கேளு. பேனுக்கு அஞ்சு வேகம். நாலு வேகத்துல சுத்தாது. அஞ்சுல வச்சா சுத்தும், ஆனா ஹெலிகாப்டர் எறங்குத மாதிரி. நிறுத்தினா கொசு. கொசுவா, சத்தமான்னு நானும் அத்தையும் ரெண்டு மணி வரைக்கும் ஓட்டெடுப்பு நடத்தினோம். அப்பத்தான் மூட்டைப்பூச்சி உள்ள வந்து தீர்ப்புச் சொல்லிச்சு. எந்திரிச்சு உக்காந்தப்போ எனக்கு விவேகானந்தர் நெனைப்பு வந்துது. 1892 டிசம்பர்ல அந்த மனுசன் இங்க வந்து, நடுக்கடல் பாறையில மூணு நாளு உக்காந்தாரு. கட்டில் இல்ல, மெத்தை இல்ல. ஞானம் வந்துது. நான் 1,568 ரூபா எண்ணிக் குடுத்துருக்கேன், எனக்குத் தடிப்புத்தான் வந்துது.

‘சூரியன் உதிக்கிறது, மறையிறது ரெண்டையும் மொட்டை மாடியிலயே பாக்கலாம்’னு அந்தத் தம்பி சொல்லியிருந்தான். உன்கிட்டயும் சொல்லுவான். தலையை ஆட்டிக்கோ. ஐப்பசியிலேர்ந்து மாசி வரைக்கும் போனாத்தான் சூரியன் கடல்ல முங்கும். கோடையில அது வடக்க ஒதுங்கி, கரைப் பக்கமா எங்கயோ போய் மறைஞ்சிரும். சாயங்காலம் மாடியில நாப்பது பேரு கடலைப் பாத்துக்கிட்டு நிக்கோம், சூரியன் எங்க முதுகுப் பக்கமாப் போயிருச்சு. சித்ரா பௌர்ணமிக்குச் சரியாப் போய்ச் சேந்தியன்னா, மேக்க சூரியன் எறங்க கெழக்க நிலா எழும்பும், பாக்க வேண்டிய காட்சிதான். அன்னைக்கு இதே ரூமுக்கு எவ்வளவு சொல்லுவான்னு நான் சொல்ல மாட்டேன். உனக்கு ஏற்கெனவே பிரசர் இருக்கு.

காலையில அஞ்சு மணிக்குக் கதவைத் தட்டுவான், ‘சூரியன் வருது’ன்னு. தூங்கினவனுக்குத்தான் அது எழுப்புதல். நாங்க நேரே கடக்கரைக்கு எறங்கிட்டோம். அங்க போய்ப் பாரு மருமவனே. வங்காளத்துக்காரன், மராட்டிக்காரன், ஒடிசாக்காரன், நம்ம கோவில்பட்டிக்காரன் எல்லாரும் கல்லு மேல வரிசையா உக்காந்திருக்கான். ஒருத்தன் பாசை ஒருத்தனுக்குத் தெரியாது. எல்லாரும் சொறியுதான். எந்தெந்த லாட்ஜுல தங்கியிருக்கான்னு கேக்காமலே தெரிஞ்சுக்கிட்டேன். சூரியன் கடலுக்குள்ளேர்ந்து செவசெவன்னு தலையைத் தூக்கினப்போ அத்தனை பேரும் சொறியுததை நிறுத்திட்டான். அரை நிமிசம் இருக்கும். அதுக்கு ரசீது கெடையாது, வரியும் கெடையாது.

அப்புறம் படகுல போனோம். வள்ளுவர் செலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவுல கண்ணாடிப் பாலம் போட்டிருக்காவல்லா, 77 மீட்டர். 2024 டிசம்பர் கடைசியில தொறந்தது. உங்க அத்தை கண்ணை மூடிக்கிட்டு என் கையைப் பிடிச்சே நடந்தா. கல்யாணத்துக்குப் பொறவு அவளே வந்து என் கையைப் பிடிச்சது அங்கதான். வள்ளுவரு 133 அடி, 2000 சனவரி ஒன்னுலேர்ந்து கடலுக்குள்ளயே நிக்காரு. அவரும் கரையைப் பாத்துத்தான் நிக்காரு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. கடல் பாத்த எடம் வேணும்னு அவரு யாருகிட்டயும் கேக்கல பாரு.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் அந்த லாட்ஜுல போய் விழுந்தேங்குதியா? நானாவா போனேன்? சொல்லி அனுப்பினது உங்க அய்யா. ‘பிரமாதமான ரூமு, கண்ணை மூடிக்கிட்டுப் போங்க’ன்னாரு. காலையில குளியலறையில வாளி மேல ஏறி நிக்கேன், கண்ணுக்கு நேரா சுவத்துல பென்சில்ல எழுதியிருக்கு: ‘காலை 6 முதல் 7 வரை மட்டும் தண்ணீர் வரும். பிடித்து வைத்துக்கொள்ளவும்.’ முத்து முத்தான எழுத்து. ‘ளௌ’ போட்டாலும் கொம்பு சாயாத எழுத்து. முப்பது வருசம் நம்ம ஊருப் பள்ளிக்கூடத்துல கரும்பலகையில பாத்த எழுத்து எனக்குத் தெரியாதா?

ஊருக்கு வந்து எறங்குதேன், உங்க அய்யா ஆலமரத்தடியிலேயே நிக்காரு. ‘ரூமு எப்படி?’ன்னாரு. ‘சொர்க்கம்’னேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். மூக்கறுந்தவன் சாமி பாத்த கதை உனக்கும் தெரியும்லா.

உன் மாமனார் தை மாசம் என்கிட்ட வந்து கேட்டாரு, கன்னியாகுமரியில நல்ல லாட்ஜா ஒன்னு சொல்லுங்கன்னு. சம்பந்தக்காரரு, நான் எப்படிச் சொல்லாம இருக்க முடியும்? சொன்னேன். போயிட்டு வந்தாரு. வந்தவரு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, உன்கிட்ட சொல்லியிருக்காரு. பெருந்தன்மையான மனுசன்.

அந்த 98 ரூபாய்க்கு ஒரு கொசுவத்திச் சுருள் பெட்டி வாங்கு, ஒரு தேங்காய்நார்க் கயிறு வாங்கு, சன்னல் கதவைக் கட்டணும். ஒரு பென்சிலும் வாங்கிக்கோ. உங்க அய்யா எழுதினதுக்குக் கீழ பேன் விசயத்தை நான் எழுதிட்டு வந்திருக்கேன். அதுக்கும் கீழ உன் மாமனார் என்ன எழுதியிருக்காருன்னு பாத்துட்டு வந்து சொல்லுடே. எனக்கு நாலு மாசமா ராத்திரி தூக்கம் வரல.