குளோசரின் ஆயுள்: மூன்று அளவைகளால் ஓர் ஆராய்ச்சி

அமெரிக்கப் பேஸ்பாலில் ஓர் உத்தியோகம் உண்டு. எட்டு இன்னிங்ஸ் வரை மைதானத்தின் மூலையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்துவிட்டு, தன் அணி ஒன்றிரண்டு ரன் முன்னிலையில் இருக்கும்போது ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் வந்து, மூன்று பேரை அவுட்டாக்கி, எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இந்த வேலை பார்ப்பவர் குளோசர். நட்சத்திரமாகிவிட்டால் வரும்போது பாட்டும் போடுவார்கள். இந்த ஆண்டு வெளுத்து வாங்கிய குளோசர் அடுத்த ஆண்டும் வெளுத்து வாங்குவாரா என்பதே இங்கு ஆய்வுப் பொருள். உலக அமைதிக்கோ உணவுப் பாதுகாப்புக்கோ இதனால் நன்மை ஏதுமில்லை. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள அதுவே போதிய தகுதி. ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அணிகளின் பொது மேலாளர்கள் கையில் பல லட்சம் டாலரோடு இந்தக் கேள்வியில்தான் உழல்கிறார்கள். நம் தருக்க நூலார் அறிவு பெறும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளில் அடக்குவர். கண்ணால் கண்டது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். தக்கோர் சொன்னது உரை. மூன்றில் காட்சிக்கே முதல் மரியாதை. குளோசர் விஷயத்தில் அந்த மரியாதை செல்லாது. உரை பொய்க்கும், காட்சி மயக்கும், கருதல் மட்டுமே கைகொடுக்கும், அதுவும் ஒரு கைதான் கொடுக்கும் என்பது இங்கு நிறுவப்படும்.

உரையிலிருந்து தொடங்குவோம். குளோசரைப் பற்றி ஊர் உலகம் சொல்லும் உரையெல்லாம் 'சேவ்' என்ற ஒரே எண்ணில் அடங்கும். ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ விளையாட்டு நிருபர் வகுத்துக் கொடுத்த இந்தக் கணக்கை மேஜர் லீக் 1969இல் அதிகாரபூர்வமாக ஏற்றது. இன்றைய விதியின் நடைமுறைச் சாரம் இது: மூன்று ரன்னுக்கு மேற்படாத முன்னிலையோடு வந்து, ஒரு முழு இன்னிங்ஸ் வீசி, முன்னிலையைத் தொலைக்காமல் ஆட்டத்தை முடித்தால் ஒரு சேவ். வேறு உட்பிரிவுகளும் உண்டு. அவற்றை வக்கீல்களுக்கு விட்டுவிடுவோம். இனி இந்த விதியின் பெருந்தன்மையைக் கவனிக்க வேண்டும். மூன்று ரன் முன்னிலையில் வந்தவர் இரண்டு ரன்னைத் தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் சேவ் அவருக்கே. நாள்தோறும் இப்படியே செய்தால் ஒன்பது இன்னிங்ஸுக்கு 18 ரன் என்ற சராசரியோடு, ஒருமுறைகூடத் தவறாத குளோசர் என்று அவர் வரலாற்றில் இடம்பெறலாம். இது வெறும் கற்பனை, யாரும் இவ்வளவு தூரம் போகமாட்டார்கள் என்பாருக்கு விடை: பாதி தூரம் போனவர்கள் உண்டு. 2004இல் கொலராடோ ராக்கீஸ் அணியின் ஷான் சாக்கோன் 7.11 என்ற ரன் சராசரியோடு 35 சேவ் எடுத்தார். 2007இல் கிளீவ்லாந்தின் ஜோ பொரோவ்ஸ்கி 45 சேவ் எடுத்து அமெரிக்கன் லீகிலேயே முதலிடம் பிடித்தார். அவருடைய சராசரி 5.07. அடுத்த ஆண்டு நடுவிலேயே அவரை அணி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருக்கும் அணி நூற்றுக்குச் சுமார் 95 ஆட்டங்களில் வெல்கிறது. குளோசர் என்ற பதவி பிறப்பதற்கு முன்பும் ஏறத்தாழ இதே விகிதம்தான். ஆகவே சேவ் எண்ணிக்கை ஒருவருக்கு மேலாளர் எத்தனை முறை வாய்ப்புக் கொடுத்தார் என்பதைச் சொல்லும். அவர் கையில் சரக்கு இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

உரை போனால் போகட்டும், ரன் சராசரி கண்ணால் கண்ட சாட்சி ஆயிற்றே என்று கேட்கலாம். பீல்டர்களின் பிழையால் வந்ததைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்பதே இந்தச் சராசரி. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சருக்கு இது நல்ல அளவுகோல்; அவர் ஆண்டுக்கு எழுநூறு பேட்டர்களையாவது சந்திக்கிறார். குளோசர் வீசுவதோ அறுபது, எழுபது இன்னிங்ஸ். அறுபது என்றே கொள்வோம். சுமார் 250 பேட்டர்கள் வருவார்கள். அவர்களில் 75 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, 25 பேருக்கு இலக்குத் தவறிய பந்துகளால் இலவச நடை கொடுத்தார் என்று வைத்துக்கொண்டால், மீதி 150 பேர் பந்தை மட்டையால் தொட்டுவிடுகிறார்கள். ஹோம் ரன்னை இப்போதைக்கு மறப்போம். மைதானத்துக்குள் விழும் பந்துகளில் நூற்றுக்குச் சுமார் 30 ஹிட்டாகும் என்பது பேஸ்பாலின் பழைய வாய்ப்பாடு. அதன்படி 45 ஹிட். புள்ளியியல் பாடத்தில் முதலாண்டு மாணவர் போடும் கணக்கைப் போட்டால், குருட்டு அதிர்ஷ்டம் மட்டுமே இந்த 45ஐ 39 ஆக்கவும் 51 ஆக்கவும் வல்லது. வீசியவர் அவரே, வீசிய பந்தும் அதுவே; ஷார்ட்ஸ்டாப்பின் கையுறைக்கு நான்கு அங்குலம் இப்பால் போனதா அப்பால் போனதா என்பதில் பன்னிரண்டு ஹிட் வந்துவிட்டது. பன்னிரண்டு ஹிட் ஆறேழு ரன்னுக்குச் சமம் என்றாலும் சராசரியில் ஒரு முழு ரன் ஏறிவிடும். 2.50 எடுத்தவரை மேதை என்றும் 3.50 எடுத்தவரைக் கரைந்துபோனவர் என்றும் எழுதுகிறோமே, அவ்விருவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடும். மில்வாக்கியின் டெரிக் டர்ன்போ 2005இல் 1.74 சராசரியில் 39 சேவ் எடுத்தார். அடுத்த ஆண்டு அவருடைய சராசரி 6.87. இரண்டையும் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காட்சியை நம்புவது?

எஞ்சியது கருதல். மலையில் புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிவது தருக்க நூலாரின் நிரந்தர உதாரணம். குளோசர் என்ற மலையில் புகை எது? இதற்கு 2001இல் வழிகாட்டியவர் வோரோஸ் மெக்ராக்கன். மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட்டாவதில் பிட்சர்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. அவர்கள் கையில் உண்மையில் இருப்பவை ஸ்ட்ரைக் அவுட், இலவச நடை, ஹோம் ரன் ஆகியவையே என்று அவர் எழுதியபோது பேஸ்பால் பண்டிதர்கள் கொதித்தார்கள். பின்னால் சில திருத்தங்கள் வந்தன, அடிப்படை நின்றுவிட்டது. ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஷார்ட்ஸ்டாப்பின் தயவு வேண்டாம், காற்று வேண்டாம், மைதானத்தின் மேடுபள்ளம் வேண்டாம். அது பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையில் முடிந்துவிடும் விவகாரம். அதனால்தான் சில வாரங்களிலேயே அது ஆளை அடையாளம் காட்டிவிடுகிறது. எட்வின் டியாஸைப் பாருங்கள். 2018இல் சியாட்டில் அணிக்கு 57 சேவ், சராசரி 1.96, 73⅓ இன்னிங்ஸில் 124 ஸ்ட்ரைக் அவுட். நியூயார்க் மெட்ஸ் அவரை வாங்கியது. 2019இல் சராசரி 5.59, பதினைந்து ஹோம் ரன். ஏமாந்துவிட்டோம் என்று நியூயார்க் முழுதும் ஒப்பாரி. ஆனால் அந்த 58 இன்னிங்ஸில் அவர் 99 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். விகிதப்படி பார்த்தால் முந்தின ஆண்டைவிட ஒரு மயிரிழை கூடுதல். லீக் முழுவதுமே 6,776 ஹோம் ரன் அடித்துச் சாதனை படைத்த ஆண்டு அது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புகை குறையவில்லை. 2022இல் அதே டியாஸ் 62 இன்னிங்ஸில் 118 ஸ்ட்ரைக் அவுட்டோடு 1.31 சராசரியில் முடித்தார். அணி ஐந்தாண்டுக்கு 10 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தது. எதிர்த்திசையில் பாபி திக்பென். 1990இல் 57 சேவ் எடுத்து அவர் படைத்த சாதனை பதினெட்டு ஆண்டு நின்றது, சராசரியோ 1.83. ஆனால் 88⅔ இன்னிங்ஸில் ஸ்ட்ரைக் அவுட் 70தான். அதாவது பேட்டர்கள் பந்தைத் தொட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், பந்து ஆளில்லாத இடத்தில் விழவில்லை. அடுத்த ஆண்டு விழுந்தது. சராசரி 3.49 ஆயிற்று, மூன்றே ஆண்டில் குளோசர் பதவியும் போயிற்று.

அற்றன்று, குளோசருக்கு வேண்டியது நெஞ்சுரம். அதை எண்ணால் அளக்க முடியாது என்று சொல்லும் ஒரு பள்ளி உண்டு. முன்னாள் வீரர்களான வர்ணனையாளர்களில் பெரும்பாலோர் இப்பள்ளியினரே. இவர்களுடைய சான்று பிராட் லிட்ஜ். 2005 அக்டோபரில் ஹூஸ்டனில், இறுதிக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக் பாக்கி என்ற நிலையைத் தாண்டி ஆட்டம் நீள, ஆல்பர்ட் புஹோல்ஸ் அவர் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். அடுத்த ஆண்டு லிட்ஜின் சராசரி 5.28. புஹோல்ஸ் அவர் நெஞ்சை உடைத்துவிட்டார் என்று தீர்ப்பு எழுதப்பட்டது. ஆனால் உடைந்த நெஞ்சோடு அதே ஆண்டு 75 இன்னிங்ஸில் 104 பேரை அவர் ஸ்ட்ரைக் அவுட் செய்ததை யாரும் தீர்ப்பில் சேர்க்கவில்லை. 2008இல் பிலடெல்பியாவுக்காக 41 வாய்ப்பில் 41 சேவ். தகுதிச் சுற்றுகளிலும் உலகத் தொடரிலும் ஏழுக்கு ஏழு. கோப்பையின் கடைசிப் பந்து அவருடையது. நெஞ்சு ஒட்டிவிட்டது போலும். 2009இல் சராசரி 7.21, பதினொரு சேவ் பறிபோயின. இப்போது மறுபடி உடைந்ததா? கோப்பையை வென்றதனாலா? முழங்காலும் முழங்கையும் தொல்லை கொடுத்த ஆண்டு அது. 69⅓ இன்னிங்ஸில் 92 ஆக இருந்த ஸ்ட்ரைக் அவுட், 58⅔ இன்னிங்ஸில் 61 ஆகக் குறைந்திருந்தது. நடந்து முடிந்தபின் எந்தப் பக்கமும் சாயத் தயாராக இருக்கும் காரணத்தைத் தருக்க நூலார் ஏது என்று ஏற்பதில்லை. மேஜர் லீக் மேடையில் ஏறும்வரை ஒருவர் தாண்டிய வடிகட்டிகள் ஏராளம். கை நடுங்குபவர் கல்லூரி ஆட்டத்தையே தாண்டியிருக்கமாட்டார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் எரிக் கான்யேயிடமிருந்து வருகிறது. 2003இல் டாட்ஜர்ஸ் அணிக்கு 55 வாய்ப்பில் 55 சேவ், 82⅓ இன்னிங்ஸில் 137 ஸ்ட்ரைக் அவுட், சை யங் விருது. 2002 ஆகஸ்டிலிருந்து 2004 ஜூலை வரை தொடர்ந்து 84 சேவ். கருதல் அளவையின்படி இவர் பத்தாண்டு நின்றிருக்க வேண்டும். 2005இல் முழங்கை அறுவைக்குப் போனார். வாழ்நாள் கணக்கு 187இல் நின்றது. இந்த அடியை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஸ்ட்ரைக் அவுட் எண்ணிக்கை ஒருவரிடம் திறமை இருக்கிறதா என்று சொல்லும். அந்தத் திறமையைத் தாங்கும் தசைநார் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லாது. பந்தின் வேகம் மாதாமாதம் மணிக்கு ஒரு மைல் இறங்கினால் அது ஒரு முன்னறிவிப்பு, பல வேளைகளில் அதுவும் கிடைப்பதில்லை. மேலே போற்றப்பட்ட டியாஸ் புதிய ஒப்பந்தம் போட்ட மறு மார்ச்சில், பியூர்ட்டோ ரிக்கோ அணியின் வெற்றியைத் துள்ளிக் கொண்டாடியபோது முழங்கால் போய், 2023 முழுவதும் ஆடவில்லை. துள்ளலுக்கு அளவை இல்லை.

இவ்வளவும் ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவுமா என்று கேட்பாருக்கு 2002 டிசம்பரில் நடந்த ஒரு பண்டமாற்றைக் காட்டலாம். ஓக்லாந்தின் பில்லி காக் அந்த ஆண்டு 44 சேவ் எடுத்திருந்தார். சிகாகோ வைட் சாக்ஸின் கீத் ஃபோக்கோ குளோசர் பதவியை இழந்து வெறும் 11 சேவோடு நின்றார். ஆனால் இலவச நடை கொடுக்காத கை அவருடையது, 77⅔ இன்னிங்ஸில் 13தான். ஓக்லாந்தின் பொது மேலாளர் பில்லி பீன் 44ஐக் கொடுத்து 11ஐ வாங்கினார். 2003இல் காக்கின் சராசரி 5.77, ஃபோக் 43 சேவ் எடுத்தார், சராசரி 2.08. அதற்கடுத்த ஆண்டு பாஸ்டனின் 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்த கடைசிப் பந்தை வீசியவரும் ஃபோக்தான். ஒரு பண்டமாற்று ஒரு கோட்பாட்டை மெய்ப்பிக்காது. ஆனால் பீன் உரையளவையைச் சந்தை விலைக்கு விற்று, கருதலை மலிவாக வாங்கினார் என்பதை மறுக்க முடியாது.

கடைசியாக, எல்லா விவாதங்களிலும் எதிர்க்கட்சி வைத்திருக்கும் துருப்புச் சீட்டு: மரியானோ ரிவேரா. 1995 முதல் 2013 வரை 652 சேவ், 2.21 சராசரி; ஆனால் ஸ்ட்ரைக் அவுட்டோ ஒன்பது இன்னிங்ஸுக்கு எட்டு சொச்சம், டியாஸின் விகிதத்தில் பாதி. கோட்பாடு இங்கே மண்ணைக் கவ்வவில்லையா? கவ்வவில்லை, 1996ஐப் பார்க்க வேண்டும் என்க. அப்போது யாங்கீஸின் குளோசர் ஜான் வெட்டலண்ட்; உலகத் தொடரின் சிறந்த வீரரும் அவரே. ரிவேரா அவருக்கு முன் வந்து வழி சமைத்துக் கொடுப்பவர், பெயருக்கு ஐந்து சேவ். ஆனால் 107⅔ இன்னிங்ஸில் 130 ஸ்ட்ரைக் அவுட், 34 இலவச நடை, ஒரே ஒரு ஹோம் ரன். வெட்டலண்டை டெக்சஸுக்குப் போகவிட்டு இவரிடம் பதவியைக் கொடுத்தபோது யாங்கீஸ் கையில் இருந்த ஆதாரம் அந்த வரிசைதான். 1997இல் கட்டர் என்ற பந்து அவர் கையில் படிந்தது. இடக்கை பேட்டரின் விரலை நோக்கிக் கடைசி நொடியில் சில அங்குலம் திரும்பி மட்டையை முறிக்கும் பந்து. அதன்பின் மூன்று ஸ்ட்ரைக் வரை காத்திருக்க அவருக்கு அவசியமில்லாமல் போயிற்று. வாழ்நாள் முழுதும் 1,283⅔ இன்னிங்ஸில் 71 ஹோம் ரன் மட்டுமே கொடுத்தார். மெல்லிய அடியாக வாங்குவதும் ஒரு திறமைதான். ஆனால் அதை அதிர்ஷ்டத்திலிருந்து பிரித்தறிய ஆயிரம் இன்னிங்ஸ் வேண்டும், அவ்வளவு காலம் ஒப்பந்தம் காத்திருக்காது. ஆகவே உங்கள் அணியின் குளோசரை இனி ரிவேராவோடு ஒப்பிடுபவரிடம் சேவ் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். ஸ்ட்ரைக் அவுட்டிலிருந்து இலவச நடையைக் கழித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒருமுறைகூடத் தவறாதவரே நிலைப்பார் என்று அவர் விடாப்பிடியாக நின்றால், 2019இல் வாக்களித்த 425 எழுத்தாளர்களும் ஒருவர் விடாமல் ஆமோதித்து ஹால் ஆஃப் ஃபேமுக்குள் அனுப்பிய அதே ரிவேரா, லீக் ஆட்டங்களில் மட்டும் 80 முறை சேவைக் கோட்டைவிட்டிருக்கிறார் என்பதை நினைவூட்டுங்கள்.