மதகில்லாத பாட்டில்

ஏலே மக்கா, கண்ணாடி மீன் தொட்டியில செடி வளக்கியாம்ல! செடிக்கு வாயு குடுக்குத சிலிண்டர் வாங்கக் காசில்லன்னு காலிக் கலர் பாட்டில்ல சீனியும் ஈஸ்ட்டும் கலக்கி, மூடியில ஓட்டை போட்டுக் குழாய் சொருகியிருக்கியாம். கெட்டிக்காரன்தான். ரெண்டு கப்பு சீனி, கால் ஸ்பூன் ஈஸ்ட்டு, முக்கா பாட்டில் தண்ணி. ரெண்டு வாரம் கார்பன் டை ஆக்சைடு குமிழி குமிழியா வரும். நம்ம ஊரு வெயிலுக்கு அது முன்னாடியே பொங்கி அடங்கிரும், அது வேற சங்கதி.

ஒண்ணு கேக்கேன். 1958ல மணிமுத்தாறு அணை கட்டுனவிய 118 அடிக்குத் தண்ணியத் தேக்குனாலும் மதகு வைக்க மறக்கல. உன் ரெண்டு லிட்டர் பாட்டிலுக்கு மதகு எங்கலே?

ஈஸ்ட்டு உசிருள்ள சென்மம். சுவிட்ச அமத்துனா தூங்காது. வெளிச்சம் இருக்குத வரைக்கும்தான் செடி அந்த வாயுவத் திங்கும். ராத்திரி லைட்ட அமத்திட்டு நீ குறட்டை விடுவ. செடியும் மீனும் போட்டி போட்டு ஆக்சிஜன இழுக்கும். பாட்டில்காரன் ஓயாம ஊதிக்கிட்டே இருப்பான். விடியக்காலம் மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். 'தாத்தா, மீன் என்னயப் பாத்துச் சிரிக்குது'ன்னு நீ போட்டோ அனுப்புவ.

குழாய மடக்கிக் கட்டிருவோம்னு புத்தி போவும். கட்டேன்! பாட்டில் வெடிச்சு, போன பொங்கலுக்கு அடிச்ச வெள்ளையெல்லாம் ஈஸ்ட்டுத் தண்ணியாவும். பொறவு உங்கம்மை வெளக்குமாத்தோட வருவா.

அதனால பொழுதடைஞ்சா குழாயத் தொட்டிய விட்டு வெளிய எடுத்துப் போடு, ஏர் பம்ப ஓடவிடு. நடுவுல சின்னப் பாட்டில் ஒண்ணு வையி, நுரை அதோட நின்னுரும். தண்ணி திரும்பாத வால்வையும் மாட்டு. இல்லன்னா தொட்டித் தண்ணி பாட்டிலுக்கு விருந்துக்குப் போயிரும். நம்ம ஊரு மலைத்தண்ணி மென்தண்ணி வேற. வாயு கொஞ்சம் கூடுனாலும் பிஹெச் சட்டுனு எறங்கும். வாயு அளவக் காட்டுத டிராப் செக்கரப் பாரு: நீலம்னா பத்தல, பச்சைன்னா சரி, மஞ்சள்னா மீனுக்குப் பாடை கட்டு.

ஆத்துல கெண்டை புடிச்சுக் கொண்டாந்து விட்டுராத. அதுல ஒரு இனத்துக்கு 1954ல சைலஸ்ங்கிற விஞ்ஞானி தாமிரபரணி பேரையே வச்சாரு. ஓடுத தண்ணியில மூச்சு விட்டுப் பழகுன சாதி. உன் தொட்டியில வந்து மூச்சுமுட்டணும்னு அதுக்கென்ன தலையெழுத்து?

பாட்டில்ல நடக்குதது ஒண்ணும் புதுசில்லலே. கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதனி, தடவாம விட்டா கள்ளு. உன் ஈஸ்ட்டும் சீனியத் தின்னுட்டு வாயுவையும் சாராயத்தையும் விடுது; அந்தச் சாராயம் ஏறித்தான் கடைசியில அதுவே சாவுது. குமிழி நின்னதும் மிச்சத்தச் சாக்கடையில ஊத்திரு. மோந்து பாத்துட்டு யோசிக்காத. நம்ம தமிழ்நாட்டுல கள்ளுக்கே 1987லேருந்து தடை. 'ஏட்டய்யா, இது தொட்டிச் செடிக்கு'ன்னு நீ சொன்னா, செடி எங்கன்னு அவரு கேக்கமாட்டாரு. 'எங்க, ஊதுலே'ம்பாரு.