ஆயிரம் வயது மைனரின் கார்டியனுக்கு

மகா-ள-ள-ஸ்ரீ தேவஸ்தான நிர்வாக அதிகாரி அவர்கள் சமூகத்திற்கு,

கும்பகோணம் தாலுகாவில், தங்கள் பரிபாலனத்திலுள்ள ஸ்வாமிக்கு மேலண்டை வீட்டுக்காரனாய் நாற்பது வருஷங்களாக வசித்து வரும் அடியேன் விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில்:

என் வீட்டுக் கீழ்ச்சுவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஸ்வாமிக்குச் சொந்தமாய் மூன்று சென்ட், என் பாட்டனார் கணக்கில் ஒன்பது குழி, பூமி கிடக்கிறது. நெல்லுக்கு மேடு, தென்னைக்குப் பள்ளம். சீமைக் கருவேலுக்கு மட்டும் அது சாக்ஷாத் கைலாசம். அதை நியாயமான கிரயத்துக்குக் கேட்கலாமென்று நான் முதன்முதல் தங்கள் ஆபீஸ் படியேறியது பதினொரு வருஷங்களுக்கு முன், ஓர் ஆவணி மாசம்.

பக்கத்து நிலத்தைக் கேட்பதற்கு எங்கள் ஊரில் ஒரு சம்பிரதாயம் உண்டு. ஒரு சீப்புப் பூவன்பழத்தோடு போய்த் திண்ணையில் உட்கார்ந்து, மழையைப் பற்றியும் மேட்டூர்த் தண்ணீரைப் பற்றியும் பேசி, பெண்ணுக்கு வரன் குதிர்ந்ததா என்று விசாரித்து, இரண்டாம் காப்பி வருகிற சமயம் பார்த்து, "அந்தக் கீழண்டைத் துண்டை என்ன செய்வதாய் உத்தேசம்?" என்று ஆகாயத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். "அது கிடக்கிறது" என்று பதில் வந்தால் விற்பார். "அது தாத்தா வாங்கினது" என்று வந்தால் விலை ஏறும். இந்த சாஸ்திரப்படி ஸ்வாமியிடமும் பழத்தோடுதான் போனேன். பழத்தை ஏற்றுக்கொண்டார், பதில் சொல்லவில்லை. பிறகு வக்கீல் ஒருவர்தாம் விளக்கினார்: சட்டத்தின் பார்வையில் ஸ்வாமி சொத்து வைத்துக்கொள்ளத் தகுந்த ஒரு நபர், ஆனால் எக்காலத்திலும் வயது வராத மைனர். சோழ ராஜாக்கள் நாளிலேயே நிலம் பெற்றும் இன்னும் மேஜராகாதவரிடம் பேரம் எப்படிப் பேசுவது? ஆகவே கார்டியனாகிய தங்களிடம் வந்தேன்.

கோயிலுக்கு அவசியம் அல்லது அனுகூலம் என்று கமிஷனர் கருதி, ஆட்சேபணைகளையும் கேட்டு, அனுமதி கொடுத்தாலொழிய விக்கிரயம் செல்லாதென்று 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்லுகிறது. இதை நான் குறை சொல்லேன். ஸ்வாமியின் வேலிக்கணக்கான நன்செய் ஒரு தலைமுறைக்குள் தர்மகர்த்தாவின் மைத்துனன்மார் பேருக்கு நடந்துபோன அற்புதத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். கமிஷனர் முடியாதென்று சொல்லியிருந்தால் நமஸ்கரித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் வரைக்கும் என் மனு போனால்தானே! குமாஸ்தா அதை வாங்கி, விரலை நாக்கில் தொட்டுப் புரட்டி, "புல எண் சரி, உட்பிரிவு எங்கே?" என்றார். உட்பிரிவோடு போனேன், புலப்படம் எங்கே என்றார். புலப்படத்தோடு போவதற்குள் அவர் மாற்றலாகிவிட்டார். புதிதாய் வந்தவர், மனுவே எங்கே என்றார்.

இதற்கிடையில், அதே துண்டின் தென்கோடியில், யாரையும் ஒரு வார்த்தை கேளாத புண்ணியவான் ஒருவர் மாட்டுக்கொட்டகை போட்டு, மின்சாரமும் இழுத்து, சர்வே கல்லின் மேலேயே கழுநீர்த்தொட்டியை இருத்திவிட்டார். அவர் பேர் தங்கள் கோப்பில் எங்கும் இல்லை. அந்தப் புல எண்ணைப் பற்றிய காகிதங்களில் காணப்படுகிற ஒரே பேர், பதினொரு வருஷமாய் விலை கேட்டுக்கொண்டிருக்கும் என் பேர்தான். ஆகையால், மேற்படி பூமியை ஆக்கிரமித்திருப்பதற்குச் சமாதானம் கேட்டுச் சென்ற மாசம் எனக்கு நோட்டீஸ் வந்து சேர்ந்திருக்கிறது.

கிரயப் பேச்சு இருக்கட்டும். கார்டியனவர்கள் ஒரு நாள் நேரில் எழுந்தருளி, கழுநீர்த்தொட்டியை ஓரடி நகர்த்தச் சொல்லி, அடியிலிருக்கிற கல்லைப் பார்த்துவிட்டுப் போக வேண்டுமாய்ப் பிரார்த்திக்கிறேன். தேதியை முன்கூட்டித் தெரிவித்தால் மாடுகளை அவிழ்த்து அப்பால் கட்டச் சொல்லிவைக்கிறேன். பழமும் வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
மேலண்டை வீட்டுக்காரன்